மாடியில் சோலார் போடலாமா? கரண்ட் பில்லிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

சோலார் போட நினைப்பவர்கள் முதலில் மாடிக்கு ஏற வேண்டாம். கடந்த ஓராண்டின் ஆறு கரண்ட் பில்களை எடுத்து மேசையில் வையுங்கள். எத்தனை கிலோவாட் போடுவது, போடத்தான் வேண்டுமா என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஆறு தாள்களே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். விற்பனையாளர் உங்கள் மாடியின் அளவை வைத்துக் கணக்குச் சொல்வார். நீங்கள் பில்லை வைத்துக் கணக்குப் போடுங்கள். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் சொந்த வீடும் சொந்த மாடியும் உள்ளவர்களுக்கானது.

பில்லைப் படியுங்கள்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். எல்லோருக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் கட்டணம் திருத்தப்பட்ட பிறகு, அரசு மானியம் போக வீட்டு நுகர்வோர் கட்டும் விலை இதுதான்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால்: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30.

500-ஐத் தாண்டினால்: 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 510 ஓடினால் 2,124. பத்து யூனிட்டுக்காக 319 ரூபாய் கூடுகிறது. 800 யூனிட் ஓடினால் 4,770.

நெட் மீட்டரிங் முறையில், மின்வாரியத்திலிருந்து நீங்கள் வாங்கிய யூனிட்டிலிருந்து நீங்கள் திருப்பி அனுப்பிய யூனிட்டைக் கழித்து, மீதிக்கு மட்டும் பில் போடுவார்கள். அதனால் சோலார் யூனிட் ஒவ்வொன்றும் பில்லின் மேல்தட்டிலிருந்து, அதாவது விலை கூடிய யூனிட்டிலிருந்து, சீவிக்கொண்டு வருகிறது. முதல் கிலோவாட் மிச்சப்படுத்தும் பணம் அதிகம், அடுத்தது அதைவிடக் குறைவு, மூன்றாவது இன்னும் குறைவு. அடியில் இருக்கும் இலவச 100 யூனிட்டையும் 2.35 ரூபாய் யூனிட்டையும் சோலாரால் ஈடுகட்டுவது காசு கொடுத்து இலவசத்தை வாங்குவதாகும். "பில்லை பூஜ்யமாக்குங்கள்" என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். பில்லை 400 யூனிட்டுக்குள் இறக்குவதுதான் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான இலக்கு.

எத்தனை கிலோவாட்?

தமிழ்நாட்டில் நிழலில்லாத மாடியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இதைவிட நன்றாக வரும். வடகிழக்குப் பருவமழையில், குறிப்பாகச் சென்னை முதல் நாகை வரையான கரையோரத்தில், நவம்பர் டிசம்பரில் 3 யூனிட்டுக்கு இறங்கலாம். மேற்கே கோவை, தென்காசிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மேகத்தால் ஜூன், ஜூலையில் குறையும்.

இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 4,770 ரூபாய்.

1 கிலோவாட் போட்டால் மீதி 560 யூனிட், பில் 2,544. மிச்சம் 2,226 ரூபாய்.
2 கிலோவாட் போட்டால் மீதி 320 யூனிட், பில் 799. இரண்டாவது கிலோவாட் கூடுதலாக மிச்சப்படுத்தியது 1,745.
3 கிலோவாட் போட்டால் மீதி 80 யூனிட், பில் இல்லை. மூன்றாவது கிலோவாட்டின் பங்கு வெறும் 799.

மத்திய அரசின் சோலார் மானியம் போக 2 கிலோவாட்டுக்கு உங்கள் கைக்காசு சுமார் 70,000 என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 23,800 மிச்சமாகி மூன்று ஆண்டில் போட்ட பணம் திரும்பும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் போக இன்னும் 32,000 ரூபாய் ஆகிறது என்றால், அது தனியாகத் தன் பணத்தை மீட்க ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். அப்போதும் அது வீண் இல்லை. அடுத்த ஆண்டு இன்னொரு ஏ.சி., மின்சார ஸ்கூட்டர் வரப்போகிறது என்றால் மூன்றாகவே போடுங்கள். பிறகு ஒரு கிலோவாட் சேர்ப்பது என்றால் விண்ணப்பம், ஆய்வு என்று எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அப்படி எதுவும் வரப்போவதில்லை என்றால் இரண்டு போதும்.

480 யூனிட் வீட்டில் பில் 1,679 ரூபாய். 1 கிலோவாட் அதை 423-க்கு இறக்கும். ஆண்டுக்கு 7,500 மிச்சம். கைக்காசு 40,000 என்றால் ஐந்தரை ஆண்டுக்குள் திரும்பும். நியாயமான முதலீடுதான்.

250 யூனிட் வீட்டுக்கு பில்லே 470 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் பில் மறையும், ஆனால் ஆண்டு மிச்சம் 2,820. பணம் திரும்பப் பதினான்கு ஆண்டு ஆகும், அதற்குள் இன்வெர்ட்டரை, அதாவது பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியை, ஒருமுறை மாற்ற வேண்டிவரும். இந்த வீட்டுக்குச் சோலார் வேண்டாம்.

சில வீடுகளில் ஆண்டு முழுவதும் 350, கோடையில் மட்டும் 620 என்று ஓடும். 2 கிலோவாட் போட்டால் மற்ற மாதங்களில் மிஞ்சும் யூனிட் கணக்கில் வரவு வைக்கப்பட்டு அடுத்த பில்லுக்குப் போகும், ஏ.சி. மாதத்தில் கைகொடுக்கும். கணக்கு முடிப்பது நிதியாண்டு அடிப்படையில் என்பதால், குளிர்காலத்தில் சேர்ந்தது முழுவதும் மே மாதம் வரை நிற்கும் என்று நம்பிப் பெரிதாகப் போட்டுவிடக் கூடாது. மிஞ்சும் யூனிட்டை விற்றுப் பணம் பார்க்கலாம் என்று கணக்குப் போடவே வேண்டாம். நெட்வொர்க் கட்டணம் (மின்வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) போன்றவை உங்கள் பில்லில் வருமா என்பதையும் விண்ணப்பிக்கும்போதே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் மின்விசிறிகளை எண்ணுங்கள்

500-ஐக் கொஞ்சம் தாண்டும் வீடுகளுக்கு இது சோலாரைவிட மலிவான வழி. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகையான பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். நான்கு விசிறிகள் நாளைக்கு 12 மணி நேரம் சுற்றும் வீட்டில் மாற்றினால் இரண்டு மாதத்துக்கு சுமார் 130 யூனிட் குறையும். 560 யூனிட் வீடு 430-க்கு இறங்கும். பில் 2,544-இலிருந்து 1,364 ஆகும். செலவு விசிறிக்கு 3,000 ரூபாய் அளவில், மொத்தம் 12,000. இதை முதலில் செய்துவிட்டு, அடுத்த இரண்டு பில்களைப் பார்த்துவிட்டு சோலார் அளவை முடிவு செய்வது நல்லது.

யாருக்கு ஒத்துவராது

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒத்துவராது. மாடியில் உரிமை இல்லாத அடுக்ககக் குடியிருப்போர் தனியாகப் போட முடியாது. ஆனால் சங்கமாகச் சேர்ந்து லிப்ட், மோட்டார், பொது விளக்கு ஓடும் பொதுச் சேவை இணைப்புக்குப் போடலாம். அந்த இணைப்புக்கு இலவச யூனிட்டும் இல்லை, விலையும் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் என்பதால், அங்கே சோலார் நன்றாகவே ஈடுகட்டும்.

கீழ் வீடு, மேல் வீடு என்று ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று மீட்டர் இருப்பவர்கள் எல்லாப் பில்களையும் கூட்டிப் பார்த்து ஏமாறுவதுண்டு. நெட் மீட்டர் ஓர் இணைப்புக்கு மட்டும்தான். 300, 320, 280 என்று மூன்று மீட்டர் ஓடினால் கூட்டுத்தொகை 900. ஆனால் எந்த மீட்டரிலும் விலை கூடிய யூனிட் இல்லை. அங்கே போடுவதில் பயன் குறைவு. வீட்டை இடித்துக் கட்டவோ மேலே இன்னொரு மாடி எழுப்பவோ ஐந்தாண்டுக்குள் எண்ணம் இருந்தாலும் பொறுங்கள்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்

புதிதாகப் போடுபவர்களுக்கு மிகப் பெரிய ஏமாற்றம் இதில்தான். மானியத்தில் போடப்படுவதில் பெரும்பான்மை ஆன்-கிரிட் அமைப்பு, அதாவது தெரு மின்கம்பியோடு இணைந்து ஓடுவது. பேனலில் வெயில் பட்டதும் நேர்மின்சாரம் பிறக்கிறது. இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கி வீட்டு லைனில் சேர்க்கிறது. வீடு இழுத்தது போக மீதி மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகிறது. தெருவில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும், நடுப்பகல் வெயிலானாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனின் உயிருக்காக வைக்கப்பட்ட பாதுகாப்பு இது. இதை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கரண்ட் கட்டுக்கு ஏற்கெனவே வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அது பழையபடியே வேலை செய்யும். அதையும் வைத்துக்கொண்டு ஆன்-கிரிட் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளுக்கு மலிவான வழி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. சில விசிறி, விளக்குகளுக்கு அது போதும்.

அடிக்கடி மணிக்கணக்கில் மின்தடை இருக்கும் ஊர் என்றால் தெருக் கம்பி, பேட்டரி இரண்டோடும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் போடலாம். மானியம் பேனல் திறனுக்குத்தான் கிடைக்கும். பேட்டரி முழுக்க உங்கள் செலவு. பணத்தை மிச்சப்படுத்த யாரும் பேட்டரி வாங்க வேண்டாம். நெட் மீட்டரிங்கில் தெருக் கம்பியே உங்கள் பேட்டரி மாதிரி கணக்கு வைத்துக்கொள்கிறது. வாஷிங் மெஷினைப் பகலில் ஓட்டினாலும் இரவில் ஓட்டினாலும் பில்லில் வித்தியாசம் இல்லை.

இப்போது மாடிக்குப் போங்கள்

1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம் என்பது குத்துமதிப்பான அளவு. இன்று வரும் 540 வாட் பேனல் ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 30 கிலோ எடை. நான்கு போட்டால் 2.16 கிலோவாட், ஆறு போட்டால் 3.24. சுற்றிலும் ஆள் நடந்து துடைக்க இரண்டடி வழி விட வேண்டும்.

நிழலைப் பார்ப்பதில் அவசரப்படக் கூடாது. பேனல்கள் தொடராகக் கோத்து இணைக்கப்படுவதால் ஒன்றின் மேல் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும். நிழல் பட்ட பகுதியை விட்டு மின்சாரத்தைச் சுற்றுவழியில் அனுப்ப ஒவ்வொரு பேனலிலும் இருக்கும் பைபாஸ் டயோடுகள் ஓரளவு காப்பாற்றும். தினமும் விழும் நிழலுக்கு அது போதாது. தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டுத் தென்னை, டிஷ் ஆன்டெனா எல்லாவற்றையும் காலை 9 மணிக்கும் நண்பகலிலும் மாலை 4 மணிக்கும் போய்ப் பாருங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சென்னையில் அப்போது நண்பகலிலேயே 2 மீட்டர் உயரத் தொட்டியின் நிழல் ஒன்றரை மீட்டர் வடக்கே நீளும். காலை மாலையில் இன்னும் அதிகம். ஆகவே பேனலுக்குத் தெற்கே உயரமான எதுவும் இருக்கக் கூடாது. வடக்கே இருப்பது பாதிக்காது என்று வடநாட்டுக் கணக்கில் சிலர் சொல்வார்கள். தமிழ்நாடு முழுவதும் கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறது. மே முதல் ஜூலை வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால், வடக்குப் பக்கத் தொட்டியும் அந்த மாதங்களில் காலை மாலை பேனல் மேல் நிழல் போடும். இடைவெளி விடுங்கள். தவிர்க்கவே முடியாத நிழல் என்றால், ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனி மைக்ரோ இன்வெர்ட்டர் போடுவது ஒரு வழி. விலை கூடும்.

பேனல் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். நம் அட்சரேகைக்கு அது போதும். 10-க்குக் கீழே போனால் மழையில் தூசி வழியாமல் கீழ் விளிம்பில் சேறாகத் தங்கும். தெற்கு வசதிப்படவில்லை என்றால் கிழக்கு, மேற்கும் பரவாயில்லை. இவ்வளவு சிறிய சாய்வில் இழப்பு அதிகமிராது.

அடுத்தது தளம். மழை நீர் இறங்காமல் இருக்க மாடியில் வெதரிங் கோர்ஸும் அதன் மேல் தட்டோடு அல்லது கூலிங் டைல்ஸும் போட்டிருப்பார்கள். ஸ்ட்ரக்சரின் (பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின்) காலை அந்த ஓட்டின் மேல் துளையிட்டு போல்ட் முடுக்கினால் இரண்டு மழைக்காலத்தில் கீழே அறையில் ஈரம் தெரியும். சரியான முறை: கால் வரும் இடத்தில் ஓட்டையும் வெதரிங் கோர்ஸையும் வெட்டி எடுத்து, காங்கிரீட் தளத்தில் கெமிக்கல் ஆங்கர் (ரசாயனப் பசையால் பிடிக்கும் போல்ட்) இறக்கி, மேலே காங்கிரீட் மேடை கட்டி, சுற்றிலும் நீர்க்காப்புப் பூசுவது. துளையே வேண்டாம் என்றால் கனமான காங்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தலாம். கடலோர மாவட்டங்களில் வெறும் கட்டையை நம்ப வேண்டாம். 2016 வர்தா, 2018 கஜா போன்ற புயல்கள் வரும் கரை இது. மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் வடிவமைப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். மாடியைக் கொட்டகைபோல் பயன்படுத்த எட்டடி உயரத்தில் போடச் சொல்பவர்கள், காற்றின் இழுப்பு வெகுவாகக் கூடும் என்பதையும் அதற்கேற்ற தடிமன் இரும்புக்கு ஆகும் செலவையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஏற்கெனவே தளத்தில் கசிவு இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பேனல் ஏறிய பிறகு அதன் அடியில் கொத்தனார் வேலை பார்ப்பது பெரும்பாடு.

கொட்டேஷனில் என்ன இருக்க வேண்டும்

"3 கிலோவாட், எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே வரியில் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். குறைந்தது மூன்று பேரிடம் வாங்குங்கள். விலை கிலோவாட்டுக்கு 55,000 முதல் 75,000 வரை ஊருக்கும் பொருளுக்கும் தக்கபடி இருக்கும். சிறிய அமைப்புக்குக் கிலோவாட் விலை கூடுதல். அதில் இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

பேனலின் நிறுவனம், மாடல், வாட், எண்ணிக்கை. மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதனுள் இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரான டி.சி.ஆர். வகையாக இருக்க வேண்டும். டி.சி.ஆர். அல்லாத பேனல் விலை குறைவு. அதைக் காட்டி விலை சொல்லிவிட்டு மானியமும் வரும் என்பவரிடம் ஏமாந்தால் 78,000 ரூபாய் வரை போகும். பேனலுக்கு 10 முதல் 12 ஆண்டு பொருள் உத்தரவாதமும் 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதமும் வழக்கம்.

இன்வெர்ட்டரின் மாடலும் கிலோவாட்டும். மானியம் கணக்கிடும்போது பேனல் திறன், இன்வெர்ட்டர் திறன் இரண்டில் குறைந்ததைத்தான் எடுப்பார்கள். 1 கிலோவாட்டுக்கு இரண்டே பெரிய பேனல் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டும் சேர்ந்து ஓடும்போது 80 வோல்ட் அளவுதான் தரும். இன்வெர்ட்டர் தொடங்கத் தேவைப்படும் குறைந்த வோல்ட் அதைவிடக் கூடுதலாக இருந்தால் காலை வெகுநேரம் அது விழிக்காது.

ஸ்ட்ரக்சர் சூடான துத்தநாகத்தில் முக்கிய ஜி.ஐ. இரும்பா, கடையில் வாங்கிப் பெயின்ட் அடித்ததா என்று கேளுங்கள். உப்புக் காற்றில் பெயின்ட் நிற்காது. டி.சி. (நேர்மின்சார) கேபிள் 4 சதுர மி.மீ., சோலாருக்கென்றே வெயில் தாங்கும்படி தயாரானது. டி.சி., ஏ.சி. (மாறுமின்சாரம்) இரண்டு பக்கமும் பிரேக்கரும் மின்னெழுச்சித் தடுப்பானும் கொண்ட பெட்டிகள். மூன்று தனி எர்த் குழிகள்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. இந்த மூன்றாவதைத்தான் வழக்கமாக மிச்சம் பிடிப்பார்கள். இடிதாங்கியையும் இன்வெர்ட்டரையும் ஒரே குழியில் சேர்த்தால் இடி இறங்கும் பாதை இன்வெர்ட்டர் வழியாகிவிடும்.

நெட் மீட்டர் கட்டணம், கொத்தனார் வேலை, ஜி.எஸ்.டி. உள்ளடங்கியதா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கடைசிப் பகுதி நெட் மீட்டர் பொருத்தி ஓடிய பிறகே.

மானியமும் விண்ணப்பமும்

இந்த மானியத்தைத் தருவது மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டம். இது 2026-27 நிதியாண்டு வரை நடக்கிறது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000.

படி ஒன்று, பெயரைச் சரிபார்ப்பது. மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலோ, வீட்டை விற்றவர் பெயரிலோ இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். மின் இணைப்பு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். மானியம் தாமதமாவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டு, திட்டத்தின் தேசிய இணையதளத்தில் கைப்பேசி எண்ணால் பதிவு செய்து, தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தைத் தேர்ந்து, பில்லில் உள்ள நுகர்வோர் எண்ணைப் போட்டு விண்ணப்பிப்பது. 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்று 2024-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள் சொல்கின்றன. அனுமதிக்கப்பட்ட மின்பளு சோலார் அளவைவிடக் குறைவாக இருந்தால் அதை உயர்த்துவது பற்றிப் பிரிவு அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

மூன்று, அதே தளத்தில் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றைத் தேர்ந்து ஒப்பந்தம் போடுவது. பதிவு பெறாதவர் போட்டால் மானியம் கிடையாது. ஐந்தாண்டுப் பராமரிப்பு அந்த நிறுவனத்தின் கடமை; ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். கடன் வேண்டுமென்றால் 3 கிலோவாட் வரையிலான அமைப்புக்கு 2 லட்சம் வரை பிணையில்லாமல் வங்கிகள் தருகின்றன. வட்டி ரெப்போ விகிதத்தை (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியை) ஒட்டியது. நிறுவனமே ஏற்பாடு செய்யும் தனிநபர் கடனைவிட இது மிகவும் குறைவு.

நான்கு, பொருத்திய பின் பேனல் வரிசை எண்களையும் படங்களையும் தளத்தில் ஏற்றுவது. மின்வாரியப் பொறியாளர் வந்து பார்த்து, இருவழி மீட்டர் மாட்டி, இயக்கச் சான்று தளத்தில் வந்ததும் வங்கி விவரம் கொடுங்கள். மானியம் நேராக உங்கள் கணக்குக்குத்தான் வரும். "மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதி கொடுங்கள்" என்பவரிடம் காசோலையோ கையெழுத்தோ கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படியுங்கள்.

பொருத்தும் நாளில் நிற்க வேண்டிய இடங்கள்

ஆறு பேனல் தொடராக இணைந்தால் வெயிலில் 300 வோல்ட் நேர்மின்சாரம் கம்பியில் நிற்கும். சூரியன் இருக்கும்வரை அதை அணைக்க முடியாது. குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள்.

பேனலுக்குப் பேனல் இணைக்கும் எம்.சி.4 இணைப்பிகள் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். வெவ்வேறு நிறுவனத்தின் ஆண், பெண் முனைகள் பொருந்துவதுபோல் தெரியும். உள்ளே தொடர்பு தளர்ந்து சூடேறி உருகும். மாடிச் சோலாரில் தீப்பிடிப்பதற்கு இது முக்கியக் காரணம். முனையைக் கட்டிங் பிளேயரால் நசுக்குவதைக் கண்டால் நிறுத்துங்கள். அதற்கென்று கிரிம்பிங் கருவி இருக்கிறது. கேபிள் தளத்தில் கிடக்கக் கூடாது, மழைத் தண்ணீரில் ஊறும், அணில் கடிக்கும். குழாய்க்குள் விட்டு ஸ்ட்ரக்சரோடு கட்ட வேண்டும். பேனல் மேல் ஏறி நின்று போல்ட் முடுக்க விடாதீர்கள். கண்ணாடி உடையாவிட்டாலும், உள்ளே செல்களில் மயிரிழை விரிசல் விழுந்து இரண்டு மூன்று ஆண்டில் உற்பத்தி சரியும்.

இன்வெர்ட்டர் நிழலான, காற்றோட்டமுள்ள சுவரில் இருக்க வேண்டும். மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் மாட்டினால் மதியம் சூடேறித் தன் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆயுளும் குறையும்.

ஓடத் தொடங்கிய பிறகு

3 கிலோவாட் அமைப்பு நண்பகலிலும் 3 கிலோவாட் காட்டாது, 2.3 முதல் 2.5 வரை வந்தால் நன்றாக இருக்கிறது என்று பொருள். பேனல் வாட் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்பட்டது. நம் வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். ஏப்ரல், மே வெயில் கடுமையாக இருந்தும் மார்ச்சைவிடப் பெரிதாகக் கூடாததும் இதனால்தான்.

கைப்பேசிச் செயலி காட்டுவது மொத்த உற்பத்தி. மீட்டரின் ஏற்றுமதி எண் காட்டுவது வீட்டுப் பயன்பாடு போக வெளியே போனது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பலர் கவலைப்படுகிறார்கள், ஒத்துப்போகாதுதான். முதல் பில் வந்ததும் மீட்டரின் இறக்குமதி, ஏற்றுமதி இரு எண்களையும் பில்லோடு ஒப்பிடுங்கள். ஏற்றுமதி பில்லில் பூஜ்யமாக இருந்தால் மீட்டர் மாற்றம் கணினியில் ஏறவில்லை என்று பொருள். உடனே பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை துடைப்பது போதும். நெடுஞ்சாலை, கல்குவாரி, சிமென்ட் ஆலை அருகே என்றால் வாரம் ஒருமுறை. விடியற்காலையில், பேனல் சூடேறும் முன், நீளக் கம்பில் கட்டிய மென்மையான துணியால் துடையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அப்படியே காயவிடாதீர்கள். வெள்ளைக் கறை படிந்து பிறகு எளிதில் போகாது. மழை நீரோ நல்ல தண்ணீரோ கடைசியாக ஊற்றித் துணியால் இழுத்துவிடுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், கம்பிநார் கூடவே கூடாது. புறா எச்சம் காய்ந்து ஒரே இடத்தில் கிடந்தால் அந்தச் செல் மட்டும் சூடேறிக் கருகும். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உற்பத்தி திடீரென்று குறைந்தால் இந்த வரிசையில் பாருங்கள். வானம் மூடியிருக்கிறதா? பேனலில் தூசியா, புதிதாக வளர்ந்த மரக்கிளையா? இன்வெர்ட்டர் திரையில் பிழைச் செய்தி உண்டா? மதியத்தில் மட்டும் வோல்ட் அதிகம் என்று காட்டி நின்று நின்று ஓடினால், கோளாறு தெருக் கம்பி பக்கம் இருக்கலாம். இன்வெர்ட்டர் காட்டும் வோல்டை மூன்று நாள் குறித்து, படமெடுத்து, மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். உங்கள் வீட்டுக்குள் வரும் கம்பி மெலிதாகவோ இணைப்பு தளர்வாகவோ இருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். எலக்ட்ரீஷியனை வைத்து அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பேனல் வரிசையில் பாதி உற்பத்தி மட்டும் வந்தால் இணைப்பியோ டயோடோ போயிருக்கும். அதை நீங்கள் தொட வேண்டாம். எதையாவது அணைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஏ.சி. பிரேக்கர், பிறகு டி.சி. சுவிட்ச். மின்சாரம் ஓடும்போது எம்.சி.4 இணைப்பியை இழுத்துப் பிரித்தால் தீப்பொறி வளையம் எழும், கை போகும்.

இன்வெர்ட்டர் பத்து ஆண்டையொட்டி ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அதற்கென்று ஆண்டுக்கு மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஒதுக்கி வையுங்கள். உத்தரவாதச் சீட்டு, பேனல் வரிசை எண்கள், இயக்கச் சான்று, வயரிங் படம் நான்கையும் ஒரே உறையில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைக்கவும். வீட்டை விற்கும்போதும், நிறுவனம் மூடிப்போய் வேறு ஆளைக் கூப்பிடும்போதும் முதலில் கேட்கப்படுவது அந்த உறைதான்.